பழைய லைட்னிங்கை மீண்டும் கட்டுதல்: 1963-ஆம் ஆண்டு பிளாஸ்டிக் போர்விமானத்துக்கு ஒரு வழிகாட்டி

சிறுவயதில் ஒரே பிற்பகலில் அவசர அவசரமாக ஒட்டி முடித்த பிளாஸ்டிக் போர்விமானத்தை, நிதானம் வந்துவிட்ட வயதில் மறுபடியும் ஒருமுறை கட்டிப் பார்க்க விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டாக நான் கொள்வது, பிளாஸ்டிக் மாதிரிகளைத் தயாரிக்கும் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1963-இல் 1/72 அளவில் (உண்மை விமானத்தின் எழுபத்திரண்டில் ஒரு பங்கு) வெளியிட்ட, இங்கிலிஷ் எலக்ட்ரிக் லைட்னிங் எஃப்.1ஏ என்னும் பிரிட்டிஷ் ஜெட் போர்விமானத்தின் பாகங்கள் அடங்கிய பெட்டி. 1970-களில் லண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்த என் தாய்மாமாவின் பயணப் பெட்டியில், துணிகளுக்கு நடுவே அது இருந்தது. அன்று நான் கட்டிய விமானம் இப்போது இல்லை. ஆனால் அதன் கண்ணாடி மூடியில் பசையோடு பதிந்துபோன என் கட்டைவிரல் ரேகை இன்னும் கண்ணில் நிற்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் அதே அச்சில் வார்த்த இன்னொரு பெட்டியைத் தேடி வாங்கிக் கட்டினேன். அப்போது கைவந்த முறைகளையே இங்கே சொல்கிறேன். அந்தக் காலத்துப் பிற ஜெட் விமானப் பெட்டிகளுக்கும் அவை பொருந்தும்.

கத்தியைக் கையில் எடுப்பதற்கு முன் ஒரு முடிவுக்கு வந்துவிட வேண்டும். அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய அச்சு, இன்றைய அச்சுகளைப் போல நுணுக்கமானதன்று. உடலெங்கும் ரிவெட்டுகள், அதாவது தகடுகளை இணைக்கும் ஆணிகளின் தலைகள், பொட்டுப் பொட்டாகப் புடைத்து நிற்கும்; தகடுகள் சேரும் இடங்கள் கீறல்களாக இல்லாமல் மேடான கோடுகளாக இருக்கும்; விமானி அறையில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இராது; கண்ணாடி மூடி தடித்திருக்கும். இவற்றையெல்லாம் தேய்த்து எடுத்து, புதிதாகக் கோடு கீறி, கருவிப் பலகை வரை செய்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய கைத்திறனை நான் மதிக்கிறேன். ஆயினும் பழைய நினைவுக்காகக் கட்டுகிறவர் அந்த வழியில் போனால், எதைத் தேடி வந்தாரோ அதையே உப்புத்தாளால் தேய்த்து அழித்துவிடுவார். ஆகவே அச்சு கொடுத்த உருவத்தை அப்படியே ஏற்றுக்கொண்டு, பத்து வயதுக் கைகளுக்கு வசப்படாத மூன்று வேலைகளில், அதாவது இணைப்புக் கோட்டை மறைப்பதிலும், வண்ணம் பூசுவதிலும், டெக்கல் என்னும், நீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய சின்னப் படங்களை ஒட்டுவதிலும், முழு உழைப்பையும் செலுத்துவதே என் முறை.

எந்தப் பெட்டியை வாங்குவது

ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1939-இல் லண்டனில் தொடங்கப்பட்டது. 1981-இல் அது நொடித்துப்போன பின் அச்சுகள் கைமாறின. 1986-இல் ஹம்ப்ரால் நிறுவனத்திடமும், 2006-இல் ஹார்ன்பி நிறுவனத்திடமும் வந்து சேர்ந்தன. இந்தக் கைமாற்றங்களுக்கு இடையிலும் பழைய அச்சுகள் பல தொடர்ந்து உழைத்ததால், ஒரே விமானம் வெவ்வேறு காலத்துப் பெட்டிகளில் கிடைக்கிறது. முதல் வெளியீட்டுப் பெட்டி முத்திரை உடையாமல் கிடைத்தால் அதைத் திறக்க வேண்டாம் என்பதே என் எண்ணம். சேகரிப்பவர்களுக்கு அது ஆவணம், விலையும் அதற்கேற்றபடி இருக்கும். கட்டுவதற்கு ஏற்றது, அதே அச்சில் பிற்காலத்தில் வார்த்த மறுவெளியீடு. அல்லது மூடி கிழிந்து, யாரோ இரண்டு பாகங்களை மட்டும் வெட்டியெடுத்துவிட்டுக் கைவிட்ட பழைய பெட்டி. இரண்டாவது வகை மலிவாகக் கிடைக்கும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இதே நிறுவனம் பின்னாளில் முற்றிலும் புதிய அச்சில் 1/72 லைட்னிங்குகளை வெளியிட்டிருக்கிறது. அவை சிறந்தவையே, ஆனால் நாம் தேடுவது அவை அல்ல. பாகங்களின் படத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இறக்கையின் மேல் ரிவெட் பொட்டுகள் புடைத்துத் தெரிந்தால் அது பழைய அச்சு; கோடுகள் மெல்லிய கீறல்களாக இருந்தால் புதியது.

பெட்டியைத் திறந்ததும்

முதல் வேலை, செய்முறைத் தாளைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, மூலத்தை உறையிலிட்டுப் பத்திரப்படுத்துவது. அக்காலத்துத் தாள்களில் படத்தோடு வாக்கியங்களும் இருக்கும். ஒவ்வொரு பாகத்தையும் அதன் பெயர் சொல்லி, எதை எதனோடு ஒட்டுவது என்று எழுதியிருப்பார்கள். ஆங்கிலப் பாடநூல் தராத எத்தனையோ சொற்களை நான் அந்தத் தாளில்தான் கற்றேன். பிற்கால வெளியீடுகளில் சொற்கள் மறைந்து எண்களும் அம்புக்குறிகளும் வந்துவிட்டன. பழைய தாளின் நகல் கிடைத்தால் அதையே பக்கத்தில் வைத்துக் கட்டுங்கள்.

அடுத்து, பாகங்களை அவை கோத்து வரும் பிளாஸ்டிக் சட்டத்தோடு சேர்த்தே வெதுவெதுப்பான நீரில், பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவம் ஒரு சொட்டு விட்டு, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் மெல்லத் தேய்த்துக் கழுவ வேண்டும். அச்சிலிருந்து பாகம் எளிதாகக் கழன்று வருவதற்காகத் தடவும் எண்ணெயும், கை மாறிய ஆண்டுகளின் பிசுக்கும் பிளாஸ்டிக்கின் மேல் படிந்திருக்கும். அதைப் போக்காவிட்டால் வண்ணம் பிடிக்காது. கொதிநீர் கூடாது, பாகம் கோணிவிடும்.

சட்டத்திலிருந்து பாகத்தைக் கையால் திருகிப் பிய்ப்பது நம் எல்லோருக்கும் பழகிய கெட்ட பழக்கம். பழைய பிளாஸ்டிக் சற்று முறுகலாகியிருக்கும் என்பதால், திருகினால் பாகத்திலேயே ஒரு துண்டு போய்விடும். வெட்டுக் குறடால் பாகத்திலிருந்து இரண்டு மில்லிமீட்டர் தள்ளி நறுக்கி, மிச்சத்தைக் கூரிய கத்தியால் சீவி, உப்புத்தாளால் சமன்படுத்துங்கள். தேய்ந்த அச்சின் இடுக்குகளில் கசிந்து உறைந்த பிளாஸ்டிக், பாகத்தின் ஓரங்களில் மெல்லிய பிசிறாக நிற்கும். கத்தியின் விளிம்பைச் செங்குத்தாகப் பிடித்துச் சுரண்டினால் அது சுருள் சுருளாக வந்துவிடும். இதைச் செய்யும்போது ரிவெட்டுகளின் மேல் கத்தி ஓடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சக்கரத்திலா, தாங்கியிலா

விமானம் சக்கரங்களில் நிற்கப் போகிறதா, தாங்கியின் மேல் பறக்கும் கோலத்தில் இருக்கப் போகிறதா என்பதை உடலை மூடும் முன்பே தீர்மானிக்க வேண்டும். அக்காலத்து ஏர்ஃபிக்ஸ் பெட்டிகள் பலவற்றில் பிளாஸ்டிக் தாங்கி ஒன்றும் உண்டு. என் விருப்பம் தாங்கிதான். அறுபது பாகை பின்னோக்கிச் சாய்ந்த இறக்கைகளோடு செங்குத்தாக மேலேறுவதற்கென்றே பிறந்த விமானம் இது. 1958 நவம்பர் 25 அன்று, ரோலண்ட் பீமாண்ட் ஓட்டிய இதன் முன்மாதிரி ஒலியின் வேகத்தைப்போல் இரு மடங்கைத் தொட்டது. மூக்கைச் சற்று உயர்த்தி வைத்தால்தான் அதன் அழகு முழுதும் தெரிகிறது. தவிர, சிறுவயதில் நாம் அதைக் கையில் பிடித்து ஓட்டியதும் அந்தக் கோலத்தில்தானே.

சக்கரத்தில் நிறுத்துவதாக இருந்தால், பாகங்களை மாஸ்கிங் டேப்பால் தற்காலிகமாகச் சேர்த்து, சக்கரக் கால்கள் வரும் இடத்தில் விரல்களால் தாங்கி, வால்பக்கம் சாய்கிறதா என்று பாருங்கள். சாய்ந்தால் மூக்கில் எடை வைக்க வேண்டும். லைட்னிங்கின் காற்று வாய் மூக்கிலேயே இருக்கிறது; அதன் நடுவே ஒரு கூம்பு. உண்மை விமானத்தில் ராடார் இருந்த இடம் அது. நமக்கு அதன் பின்னால் உள்ள வெற்றிடம் எடை வைக்க வசதி. தூண்டில் ஈயக் குண்டுகளைப் பலர் பயன்படுத்துகிறார்கள். நான் பரிந்துரைக்க மாட்டேன்: வெள்ளைப் பசையோடு சேரும் ஈயம் ஆண்டுகள் போகப்போக அரித்து, பருத்து, உடலையே பிளந்துவிடக் கூடும். சைக்கிள் கடையில் கிடைக்கும் சிறிய பால்ரஸ் குண்டுகளை எபாக்சிப் பசையில் பதித்துவிட்டால் என்றைக்கும் தொல்லை இல்லை. காற்று வாயின் உட்புறத்தையும் அப்போதே கறுப்பாகப் பூசிவிட வேண்டும். பிறகு பிரஷ் நுழையாது.

விமானியை மறக்காதீர்கள். இருக்கையில் உட்கார்ந்திருக்கும் அந்தச் சின்ன உருவத்தை நீக்கிவிடுவது இன்றைய வழக்கம். பழைய பெட்டியில் அவர் இருந்தே தீர வேண்டும். தலைக்கவசத்துக்கு வெள்ளை, ஆக்சிஜன் முகமூடிக்குக் கறுப்பு, உடைக்கு மங்கிய நீலச் சாம்பல். தடித்த கண்ணாடிக்குப் பின்னால் அதற்குமேல் எதுவும் தெரியாது.

இணைப்புக் கோடு

இந்த விமானத்தின் தனித்தன்மையும் இதைக் கட்டுவதில் உள்ள சிக்கலும் ஒரே இடத்தில் பிறக்கின்றன. இரண்டு ரோல்ஸ் ராய்ஸ் ஏவான் என்ஜின்களைப் பக்கம் பக்கமாக வைக்காமல், ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார்கள். அதனால் உடல் உயரமாகவும், பக்கங்கள் தட்டையாகவும் அமைந்தன. பொம்மையில் இது, உயரமான மெல்லிய சுவர்களைக் கொண்ட இரண்டு பாதிகளாக வருகிறது. பல ஆண்டுகள் பெட்டியில் கிடந்ததில் அந்தச் சுவர்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ சற்று வளைந்திருக்கும். பாதிகளை வெறுமே சேர்த்து ஒட்டினால், முதுகில் ஓரிடத்தில் வலப்பக்கம் மேடாகவும், அடுத்த இடத்தில் இடப்பக்கம் மேடாகவும் படிக்கட்டுப் போல நிற்கும்.

இதற்கு எளிய மருந்து, சட்டத்திலிருந்தோ பிளாஸ்டிக் தகட்டிலிருந்தோ சிறு நாக்குகளை வெட்டி, ஒரு பாதியின் உள்விளிம்பில் இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாக, பாதி நீளம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி ஒட்டுவது. மறு பாதி அந்த நாக்குகளின் மேல் ஏறி உட்காரும்போது, இரண்டு விளிம்புகளும் தாமாகவே ஒரே மட்டத்துக்கு வரும்.

பசை விஷயத்தில் நம் பிள்ளைப் பருவத்து ட்யூப் பசையை விட்டுவிடுங்கள். அது நூல் நூலாக இழுத்து எல்லா இடத்திலும் பட்டுவிடும். பாலிஸ்டைரீனுக்கான நீர்ம சிமெண்ட் போதும். பாதிகளை முதலில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மெல்லிய பிரஷ்ஷால் இணைப்பின் மேல் ஒரு சொட்டுத் தொட்டால், இடுக்கு அதைத் தானாகவே உறிஞ்சிக்கொண்டு ஓடும். கையளவு நீளத்துக்குத் தொட்டுவிட்டு, பத்து விநாடி பொறுத்து, இரண்டு பக்கமும் மெல்ல அழுத்துங்கள். உருகிய பிளாஸ்டிக் இணைப்பின் வழியே ஒரு மெல்லிய இழையாகப் பிதுங்கி மேலே வரும். அதைத் துடைக்க வேண்டாம். அந்த இழைதான் இணைப்பை நிரப்பும் பட்டி. அதுவும் அதே பிளாஸ்டிக்கில் ஆனது. இப்படியே சிறிது சிறிதாக மூக்கிலிருந்து வால் வரை போய், ரப்பர் பட்டை கட்டி, இரண்டு நாள் தொடாமல் வைத்துவிட வேண்டும். இந்த இரண்டு நாள் பொறுமைதான் அன்று நம்மிடம் இல்லாதது.

காய்ந்தபின் இணைப்பின் இருபுறமும் ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி விட்டு மாஸ்கிங் டேப்பை இரண்டடுக்காக ஒட்டுங்கள். பக்கத்திலுள்ள ரிவெட்டுகளுக்கு அது காப்பு. பிதுங்கி உறைந்த இழையைக் கத்தி விளிம்பால் சுரண்டி, 600 எண் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, 1000, 2000 என்று ஏறிப் போங்கள். பிறகு இணைப்பின் மேல் மட்டும் கொஞ்சம் வெள்ளிப் பூச்சு தடவிப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத குழியெல்லாம் வெளிச்சத்தில் காட்டிக் கொடுத்துவிடும். சிறு குழிகளுக்கு, சட்டத் துண்டுகளை நீர்ம சிமெண்டில் ஊறவைத்துக் கரைத்த கூழ் நன்றாக உதவும். சற்றுப் பெரியவற்றுக்கு, கார் பெயிண்ட் கடைகளில் விற்கும் என்.சி. பட்டியை மிக மெல்லிதாகப் பல தடவையாக இடலாம். ஒரேயடியாக அப்பினால் அதிலுள்ள தின்னர் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும்.

டேப் வைத்தும் சில மேடான கோடுகள் அறுந்துதான் போகும். சட்டத்தின் ஒரு துண்டை மெழுகுவத்திச் சுடருக்குச் சற்று மேலே காட்டி, இளகியதும் இரு கையாலும் இழுத்தால் தலைமுடி போன்ற இழை கிடைக்கும். அதை அறுந்த இடத்தில் வைத்து, சிமெண்டால் ஒரு முறை தொட்டுவிட்டால், கோடு மீண்டும் பிறந்துவிடும்.

இறக்கைகளும் கிடைவால்களும் உடலோடு சேரும்போது, தாளில் அச்சடித்த முன்பக்க வரைபடத்தின் எதிரே நிறுத்தி, இரு பக்கமும் ஒரே கோணத்தில் இருக்கின்றனவா என்று சரிபார்க்க வேண்டும். இறக்கை உடலோடு சேரும் இடத்தில் விழும் இடைவெளியில் தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையை ஓடவிட்டு, ஈரத் துணியால் துடைத்தாலே போதும். அங்கே உப்புத்தாளுக்கு வேலையில்லை.

கண்ணாடி மூடிக்கு சூப்பர் குளூ ஆகவே ஆகாது. அதன் ஆவி உட்புறத்தை வெண்மையாக மூடிவிடும். மூடியில் கீறல் இருந்தால் 2000 எண் தாளும், பிறகு வெள்ளைப் பற்பசையும் கொண்டு மெருகேற்றி, ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையால் ஒட்டுங்கள்.

வெள்ளி

1960-களின் லைட்னிங்குகள் வண்ணம் பூசாத உலோகப் பளபளப்போடு பறந்தவை. பிரிட்டிஷ் விமானப்படையின் எந்தப் படைப்பிரிவின் விமானம் என்பதைப் பொறுத்து அலங்காரம் மாறும். 74-ஆம் படைப்பிரிவின் செங்குத்து வாலில் புலி முகம் இருந்தது. எஃப்.1ஏ விமானங்களை வைத்திருந்த 56-ஆம் படைப்பிரிவு, 1963-இல் வான்சாகசக் குழுவாகப் பறந்தபோது முதுகையும் வாலையும் சிவப்பாக்கிக்கொண்டது. உலோகத்தின் நிறத்தைப் பார்க்க, டக்ஸ்ஃபோர்டிலுள்ள இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் நிற்கும் எக்ஸ்.எம்.135 விமானத்தின் படங்களைத் தேடிப் பாருங்கள், அது எஃப்.1 வகை. 1966 ஜூலை 22 அன்று, அதைத் தரையில் சோதித்துக்கொண்டிருந்த வால்டர் ஹோல்டன் என்னும் பொறியியல் அதிகாரி, எதிர்பாராமல் கண்ணாடி மூடி இல்லாமலேயே வானில் ஏறி, மூன்றாம் முயற்சியில் பத்திரமாகத் தரையிறக்கினார். அந்த விமானத்தைப் பார்த்துப் பூசுகிறோம் என்ற நினைவே கைக்கு ஒரு கவனத்தைத் தருகிறது.

சிறு தகர டப்பாவில் வரும் ஹம்ப்ராலின் 11-ஆம் எண் வெள்ளி எனாமலைத்தான் அன்று பூசினோம். இன்றும் பிரஷ்ஷாலேயே பூச விரும்பினால், அகலமான பட்டைப் பிரஷ்ஷை எடுத்து, நன்றாகக் கலக்கிய எனாமலைத் தின்னரால் சற்று இளக்கி, மூக்கிலிருந்து வாலை நோக்கி ஒரே திசையில் இழுங்கள். போன இடத்துக்குத் திரும்பிப் போகாதீர்கள். ஒரு நாள் விட்டு இரண்டாம் பூச்சு.

காற்றழுத்தத்தால் வண்ணத்தைத் தூவும் ஏர்பிரஷ் வைத்திருப்பவர்கள், முதலில் பளபளப்பான கறுப்பைப் பூசி முழுதும் உலரவிட்டு, அதன்மேல் அலுமினிய நிறத்தை மெல்லிய மூடுபனியாகத் தூவலாம். அடியிலுள்ள கறுப்பு எவ்வளவு வழவழப்போ, மேலே வரும் உலோகமும் அவ்வளவு உண்மையாக இருக்கும். எனாமல் கறுப்பின் மேல் லாக்கர் வெள்ளியைத் தூவாதீர்கள். அடிப்பூச்சு சுருங்கிப் பொரிந்துவிடும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் இருப்பவர்கள், மழைக்காலத்தில் லாக்கரைத் தொடாமல் இருப்பது நல்லது. காற்றின் ஈரம் பூச்சின் மேல் படிந்து, வெண்மை பூத்துவிடும். சன்னலைத் திறந்து வைத்து, ஆவி வடிகட்டும் முகக்கவசம் அணிந்துதான் தூவ வேண்டும். வாலின் கடைசியில், என்ஜின் குழாய்களைச் சுற்றியுள்ள பகுதியை மட்டும் சற்று இருண்ட உலோக நிறத்தால் மாற்றிக் காட்டினால், முழு வெள்ளியின் ஒரே சீர் உடைந்து உயிர் வரும்.

டெக்கல்

பழைய பெட்டியில் நம்பக் கூடாத ஒரே பொருள் இதுதான். ஒருமுறை வேறொரு பழைய பெட்டியின் வட்டச் சின்னத்தைச் சோதிக்காமல் நீரில் இட்டேன். முப்பது விநாடியில் அது பன்னிரண்டு துண்டுகளாகப் பிரிந்து மிதந்தது. அன்றிலிருந்து, தேவைப்படாத ஓர் எழுத்தை வெட்டி முதலில் வெதுவெதுப்பான நீரில் இட்டுப் பார்க்காமல் நான் எதையும் தொடுவதில்லை. உடைகிறது என்றால், தாள் முழுவதன் மேலும் டெக்கலுக்கென்றே விற்கும் நீர்மப் படலத்தையோ பளபளப்பான வார்னிஷையோ ஒரு பூச்சுப் பூசி, உலர்ந்தபின் ஒவ்வொரு சின்னத்தையும் ஓரத்தையொட்டி வெட்டிக்கொள்ள வேண்டும்.

மஞ்சளடித்திருந்தால், ஒளி புகும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, வெயில் விழும் சன்னல் கண்ணாடியில் உட்புறமாக ஒட்டிவிடுங்கள். நம் வெயிலுக்கு ஓரிரு வாரத்தில் மஞ்சள் கணிசமாக வெளுத்துவிடும். மழை, ஈரம் படக் கூடாது. பின்புறப் பசை செத்துப்போயிருப்பதும் உண்டு. அப்படியானால் தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையை ஒரு தொடுகை வைத்து ஒட்டலாம்.

புடைத்த ரிவெட்டுகளின் மேல் டெக்கல் ஒட்டும்போது, ஒவ்வொரு பொட்டைச் சுற்றியும் காற்று சிக்கி வெள்ளை வளையமாகத் தெரியும். ஒட்டும் இடத்தில் பளபளப்பு வார்னிஷ் முன்பே பூசியிருக்க வேண்டும். ஒட்டியபின் டெக்கல் இளக்கும் திரவத்தைத் தடவி, அது சுருங்கி விரியும்போது கைவைக்காமல் பொறுத்திருங்கள். உலர்ந்தபின்னும் வளையம் தெரிந்தால், ஊசி நுனியால் குத்தி மறுபடியும் திரவம் விடுங்கள். சிவப்பு, வெள்ளை, நீல வட்டம் அந்த மேடுகளின் மேல் பூச்சைப் போலவே படிந்து இறங்குவதைப் பார்க்கும்போது, இத்தனை நாள் வேலைக்கும் அந்த ஒரு நிமிடமே ஈடாகிவிடுகிறது.

கடைசியாக ஒட்டுபவை

பக்கத்துக்கு ஒன்றாக வரும் ஃபயர்ஸ்ட்ரீக் ஏவுகணைகளைத் தனியே பூசி வைத்திருந்து இப்போது பொருத்துங்கள். அவற்றின் மூக்கு, சீவிய பென்சில் முனையைப் போல எட்டுப் பட்டை கொண்ட கண்ணாடி. அங்கே அடர்ந்த சாம்பலின் மேல் பளபளப்பு வார்னிஷ் ஒரு சொட்டு வைத்தால் கண்ணாடியாகவே தோன்றும். சக்கரத்தில் நிறுத்துகிறவர்கள் கால்களை ஒட்டும்போது, முன்னாலிருந்து பார்த்து இரண்டு பக்கமும் நேராக இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். மெல்லிய இறக்கைக்குள் மடங்க வேண்டியிருந்ததால் இதன் சக்கரங்கள் உண்மையிலேயே ஒல்லியானவை, தடிமனாக்க வேண்டாம்.

காற்று வாயின் கீழ் உதட்டிலிருந்து முன்னோக்கி நீளும், காற்று வேகத்தை அளக்கும் பிட்டோ குழாயை எல்லாவற்றுக்கும் பின்னால் வையுங்கள். பெட்டியில் வரும் பிளாஸ்டிக் குழாய் தடித்தது; முதல் தூசி துடைப்பிலேயே ஒடிந்துவிடும். எதையும் மாற்றாதே என்று சொன்ன நான், இந்த ஒன்றில் மட்டும் விதிவிலக்குக் கொள்கிறேன். நீளத்தை அளந்து, மெல்லிய தையல் ஊசியை அந்த அளவுக்குக் குறடால் நறுக்கி, நுனி மழுங்கும்படி தேய்த்து, சிறு துளையிட்டு எபாக்சியால் பதித்துவிட்டேன். வண்ணம் பூசத் தேவையில்லை. எஃகு எஃகாகவே இருக்கட்டும். பிறகு விமானத்தைத் தாங்கியில் ஏற்றி, நேர் வெயில் படாத அலமாரியில், மூக்கு சன்னலைப் பார்க்கும்படி வைத்தேன்.